ஓரெழுத்துப் பிழையும் தோற் புற்றுநோயும்

ஓரெழுத்துப் பிழையாற் பொருள் முழுதும் மாறிவிடுதலை இலக்கண வகுப்பிலே நாம் யாவரும் கண்டிருக்கிறோம். அத்தகைய பிழையொன்று உடம்பினுள்ளே நிகழின் விளைவது யாது என்பதை, மெலனோமா என்னுந் தோற் புற்றுநோயைக் கொண்டு ஈண்டு விளக்க முயல்வோம்.

தோலுக்கு நிறந்தருவது மெலனின். அதனை ஆக்குங் கலங்கள் மேற்றோலின் அடிப்படலத்தில் உறைவன. அவை தம் விருப்பின்படி பெருகுவனவல்ல. வளர்ச்சிக் காரணி என்னுந் தூது புறத்தேயிருந்து வருதல் வேண்டும். கலமென்சவ்விலுள்ள வாங்கி அத்தூதினை ஏற்க, உள்ளே ராஸ் என்னும் புரதம் விழித்தெழும். ராஸ் பீ-ராவையும், பீ-ராவ் மெக்கையும், மெக் ஏர்க்கையும் எழுப்பும். ஏர்க் கருவினுட் புகுந்து, பெருகுதற்குரிய பரம்பரையலகுகளை இயக்கும். அஞ்சலோட்டத்திற் கோல் கைமாறுதல் போன்றது இது. தூது நின்றதும் தொடர் முழுதும் அடங்கிவிடும்.

பீ-ராவ் புரதத்தின் 600ஆம் இடத்தில் இருக்க வேண்டியது வலின் என்னும் அமினோவமிலம். பரம்பரையலகில் ஓரெழுத்து மாறின், அவ்விடத்திற் குளுற்றாமிக்கமிலம் அமரும். பின்னர் பீ-ராவ் எவர் ஏவலுமின்றி ஓயாது இயங்கும். அணைக்கவியலாத மின்னாளி போலாகும். மெலனோமாவில் இப்புரதம் பிழைபட்டிருத்தல் 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. வெண்ணிற மக்களின் தோல் மெலனோமாக்களில் ஏறக்குறைய அரைப்பங்கில் அது காணப்படுகின்றது.

ஆயின், தீங்கற்ற மறுக்கள் பலவற்றிலும் இதே பிழை உண்டு. அங்கே கலங்கள் சிறிது பெருகிப் பின் நின்றுவிடுகின்றன. தடுக்கும் புரதங்கள் செவ்வனே தொழிற்படுதலே காரணம். அத்தடைகளும் பழுதுறும்போதே மறு புற்றாக மாறும். ஆகவே ஏவலின் மிகுதியும் தடையின் அழிவும் சேர்ந்தே நோயை விளைக்கின்றன என்க.

பிழைபட்ட பீ-ராவை அடக்கும் வெமுராவெனிப் என்னும் மருந்து 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டிகள் சில வாரங்களிற் சுருங்கின; எனினும் பலரிடத்துச் சில மாதங்களில் மீண்டும் வளர்ந்தன. அடைபட்ட வாயிலை விடுத்து, புற்றுக்கலங்கள் வேறு வழியால் மெக்கை எழுப்பியமையே பெரும்பான்மையுங் காரணம். ஆதலால் 2014 முதல் பீ-ராவ், மெக் இரண்டையும் ஒருங்கே தடுக்கும் மருந்துகள் வழங்கப்படுகின்றன. உடம்பின் நிர்ப்பீடனத்திற்கு இடப்பட்ட தடையை நீக்கும் மருத்துவமும் இந்நோயிற் பெரும்பயன் தந்துள்ளது. அதற்கு அடிகோலிய அலிசன், ஹொஞ்சோ இருவரும் 2018இல் நோபெல் பரிசு பெற்றனர்.

கருநிறத் தோலினராகிய எமக்கு இந்நோய் அரிதென்பது உண்மை. ஆனால் அது வருமிடத்து, வெயில் படாத உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் கீழுமே பெரும்பாலுந் தோன்றும். அவ்வகையில் மேற்கூறிய பிழை குறைவாதலின், பீ-ராவை அடக்கும் மருந்து பலருக்குப் பயன்படாது. காலத்தோடு கண்டு வெட்டியகற்றுதலே சிறந்த காப்பு. ஆதலின், உள்ளங்காலிற் புதிதாய்த் தோன்றிப் பரவும் கரும்புள்ளியையும், நகத்தில் அகன்று செல்லுங் கருங்கோட்டையும், முள் தைத்த வடுவென்றோ அடிபட்ட தழும்பென்றோ எண்ணிப் புறக்கணியாது வைத்தியரிடம் காட்டுவோமாக. வீட்டிலுள்ள முதியோரின் பாதங்களையும் ஒருகால் நோக்குவோமாக.