சிலிசிலி பேக்கும் கோணமலை மானும்



பள்ளிக்கூட லீவு வந்தால் நம்ம தோட்டங்களிலிருந்து பஸ் பஸ்ஸாகத் திருகோணமலைக்குப் போறது வழக்கம். கண்டி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று விடிய விடியப் பயணம். காலையிலே கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழிலும் தண்ணி அள்ளிக் குளிச்சிட்டு, கோணேசர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டு, பின்னேரம் கடலிலே கால் நனைச்சிட்டு வருவோம். கடைசியாகப் போன பயணத்தில் நானும் ஒரு சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அங்கே பார்த்த ஒரு விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கோயிலுக்குப் போற வழி பிரட்ரிக் கோட்டைக்குள்ளே போகிறது. அந்தக் கோட்டைக்குள்ளேயும் பட்டணத்துத் தெருவிலேயும் புள்ளிமான்கள் நம்ம ஊர் ஆடு மாதிரி தன்பாட்டில் திரியும். பஸ்ஸை நிறுத்தி எல்லாரும் சோத்துப் பார்சலைப் பிரிச்சோம். சாப்பிட்டு முடிச்சதும் சில பேர் லன்ச் ஷீட்டைச் சுருட்டி மரத்தடியில் போட்டார்கள். ஒரு மான் வந்து மோந்து பார்த்தது. பருப்புக் கறியும் உப்பும் ஒட்டியிருந்த அந்த ஷீட்டை வாயிலே கவ்வி மென்று முழுங்கிவிட்டது. "பாவம், பசி போல இருக்கு" என்று பக்கத்தில் நின்ற அக்கா சொன்னார். பசிதான். ஆனால் அது தின்றது சோறு இல்லையே.

மாடு, ஆடு, மான் எல்லாம் அசை போடுகிற இனம். வயிற்றிலே நாலு அறை. முதல் அறையில் போன தீனி, சின்னத் துணுக்காக அரைபட்ட பிறகுதான் அடுத்த அறைக்குப் போகும். பொலித்தீன் எத்தனை தரம் அசை போட்டாலும் அரைபடாது. அது முதல் அறையிலேயே தங்கி, அடுத்த ஷீட்டோடு சேர்ந்து முறுக்கிப் பந்தாகிவிடும். வயிறு நிறைஞ்ச மாதிரி இருப்பதால் மான் புல் தின்னாது. வயிறு நிறைய இருந்தும் பட்டினியால் சாகும். திருகோணமலையில் செத்த மான்களின் வயிற்றுக்குள்ளே பொலித்தீன் இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். அதே கிழக்கு மாகாணத்தில், அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காடு குப்பை மேட்டில் மேய்ந்த யானைகள் எட்டு வருசத்துக்குள் சுமார் இருபது செத்துப்போனதாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. யானைக்கே அந்தக் கதி. லயத்துப் பக்கம் மேயுற நம்ம மாட்டுக்கு மட்டும் வேறு வயிறா இருக்கு?

சரி, இந்தப் பொலித்தீன் என்பது என்ன சாமான்? ஏன் மக்குவதில்லை?

திருகோணமலை போனவர்கள் சீனக்குடாப் பக்கம் காட்டுக்குள்ளே பெரிய பெரிய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டிய காலத்தில் வெள்ளைக்காரன் தன் கப்பல்களுக்காகக் கட்டியவை. மொத்தம் 99. அந்தத் தாங்கியில் இருந்த எண்ணெய்க்கும் உங்கள் கையிலிருக்கிற சிலிசிலி பேக்குக்கும் சொந்தம் உண்டு. இரண்டுக்கும் தாய் பூமிக்கடியில் கிடைக்கிற எண்ணெயும் வாயுவும்தான். அதிலிருந்து எத்திலீன் என்ற வாயுவைப் பிரிக்கிறார்கள். எத்திலீனின் ஒரு அணுக்கூட்டம் என்பது ஒரு சின்ன மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஆயிரக்கணக்கான மணிகளை ஒரே நூலில் கோத்தால் நீளமான மாலை கிடைக்கும். அந்த மாலைதான் பொலித்தீன். 'பொலி' என்றால் பல என்று அர்த்தம். இங்கிலாந்தில் 1933ஆம் ஆண்டு வேறு எதையோ செய்யப் போய்த் தற்செயலாகக் கிடைத்த பொருள் இது.

மாலை மாதிரி நீளமாக இருக்கிற பொருள் எல்லாமே கெட்டது என்று நினைக்க வேண்டாம். பஞ்சு, விறகு, வாழை இலை, ரப்பர் மரத்துப் பால் எல்லாம் அப்படிப்பட்ட நீளச் சங்கிலிகள்தான். ஆனால் அவற்றை மண்ணிலுள்ள கிருமிகள் காலங்காலமாகத் தின்று பழகியிருக்கின்றன. எந்த இடத்தில் கடித்தால் சங்கிலி அறும் என்று அதுகளுக்குத் தெரியும். பொலித்தீன் வந்து நூறு வருசம்கூட ஆகவில்லை. கிருமிக்கு அதில் பல் பதிவதில்லை. மழைத்தண்ணி உள்ளே போகாது, பூஞ்சணம் பிடிக்காது என்றுதானே நாம் அதை விரும்புகிறோம்? அதே குணம்தான் கானிலே கிடக்கும்போது வினையாகிறது.

நம்ம வீட்டுக்கு அதிகம் வர்ற இன்னொரு சாமான் மா மூட்டைச் சாக்கு. திருகோணமலைத் துறைமுகத்தில் 1980 முதல் பெரிய மாவாலை ஒன்று, பிரிமா மாவாலை, இயங்குகிறது. கப்பலில் வருகிற கோதுமை அங்கே மாவாகி, லொறியில் மலையேறி, நம்ம ரொட்டியாகிறது. பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் காலத்து மாச் சாக்கு பருத்தித் துணி. வெளுத்துத் தைத்தால் தலையணை உறை, பிள்ளைக்குச் சட்டை, கொழுந்து மலைக்குப் படங்கு. கிழிந்து போனால் அடுப்புத் துணி. கடைசியில் மண்ணோடு மண். இப்போது கடைகளில் பார்க்கிற மூட்டை பெரும்பாலும் பொலிபுரோபிலின் என்கிற பிளாஸ்டிக்கை நாடாவாக இழுத்து நெய்தது. உரப் பையும் அதே ஜாதிதான். கெட்டியானது, லேசானது, ஈரம் தாங்கும்.

ஆனால் வெயில் தாங்காது. ஜன்னலுக்கு மறைப்பாகவோ கோழிக்கூட்டுக் கூரையாகவோ ஒரு மாச் சாக்கைக் கட்டிப் பாருங்கள். சில மாசத்தில் தொட்டால் பொடிப் பொடியாக உதிரும். 'மக்கிப் போச்சு' என்று நாம் சொல்கிறோம். மக்கவில்லை. வெயிலில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கதிர் அந்த மாலையைத் துண்டு துண்டாக அறுத்துப் போடுகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டும் பிளாஸ்டிக்காகவே இருக்கிறது. முன்னே பொறுக்கி எடுக்கலாம், இப்போது அதுவும் முடியாது.

கொழுந்து அள்ளுவதற்கு உரப் பையைப் பயன்படுத்தக் கூடாது என்று தொரைமார் சத்தம் போடுவதற்குக் காரணமும் இதுதான். பையின் நார் கொழுந்தோடு கலந்தால் ஸ்டோரில் பிரித்தெடுப்பது பெரும் பாடு. வெளிநாட்டுக்காரன் தேயிலையில் பிளாஸ்டிக் நாரைக் கண்டால் அந்தத் தேயிலைக்கு மதிப்பு என்ன இருக்கும்? நஷ்டம் கடைசியில் யார் தலையில் விடியும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

உதிர்ந்த அந்தப் பொடி எங்கே போகிறது? மழை பெய்தால் லயத்துக் கானுக்கு. கானிலிருந்து ஓடைக்கு. மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்து ஓடைகள் களனி கங்கையோடு மேற்கே கொழும்புக்குப் போகும். ஹட்டன் ஓயா, அக்கரப்பத்தனை, நானுஓயா, தலவாக்கலைப் பக்கத்துத் தண்ணி மகாவலிக்குப் போகும். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி எங்கே கடலில் விழுகிறது தெரியுமா? திருகோணமலையில், மூதூர்ப் பக்கம், கொட்டியாரக் குடாவில்! மா எந்தக் கடலோரத்திலிருந்து மலையேறி வந்ததோ, அதே கடலுக்குச் சாக்குத் தூள் இறங்கிப் போகப் பாதை இருக்கிறது. நடுவிலே கொத்மலை, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகல என்று அணைகள் இருப்பதால் போத்தலும் பையும் பெரும்பாலும் அங்கங்கே தேங்கிவிடும். தூளும் நாரும் முழுவதும் அப்படி நின்றுவிடுவதில்லை. கொட்டியாரக் குடாவுக்கு வெளியே கடலடியில் மிக ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. திமிங்கிலங்கள் வந்து போகிற இடம். மூதூர், கிண்ணியாவில் நம்மைப் போலவே அன்றாடம் உழைத்தால்தான் சோறு என்று கடலை நம்பி இருக்கிற சனங்கள் ஏராளம்.

அதே கிண்ணியாவில் 2017 மார்ச் மாசம் டெங்கு கடுமையாகப் பரவி உயிர்கள் போயின. அந்த வருசம் நாடு முழுக்க 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. வீசின தயிர்க் கப், ஐஸ்கிரீம் கப், லன்ச் ஷீட்டு மடிப்பு, இதில் தேங்குகிற ஒரு மூடி தண்ணி கொசுவுக்குப் போதும்.

இப்போது அடுப்புக்கு வருவோம். எனக்கு மானைவிடக் கவலை தருவது இதுதான்.

ஒரு லயத்தில் பாட்டி ஒருவர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். ஈர விறகு, புகை மூட்டம். ஒரு சிலிசிலி பேக்கை முறுக்கி உள்ளே வைத்துக் குச்சியைக் கிழித்தார். "என்ன பாட்டி, இதையா எரிக்கிறீங்க?" என்று கேட்டேன். "வேற என்னத்த செய்ய ஐயா? மழைக் காலத்துல வெறகு காயுதா? மண்ணெண்ண விக்கிற வெலையில அத ஊத்தவா முடியும்? இது டக்குன்னு புடிச்சுக்குது" என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. பொலித்தீன் எண்ணெயின் பிள்ளை, அதனால் எண்ணெய் மாதிரி எரிகிறது. நல்ல காற்றோட்டத்தில், மிகுந்த சூட்டில் எரிந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும்தான் வரும். நம்ம அடுப்பு அப்படிப்பட்டது இல்லை. அரைகுறையாக எரிந்து கரிப்புகை, காபன் மொனொக்சைட், புற்றுநோய் தரக்கூடிய நச்சுப் பொருட்கள் எல்லாம் கிளம்பும். பழைய மழைக்கோட்டு, பைப் துண்டு, மின்சார வயரின் உறை மாதிரி பிவிசி சாமான் அதோடு சேர்ந்தால் இன்னும் மோசம். அதில் குளோரின் இருக்கிறது. தொண்டையை அரிக்கும் அமிலப் புகையும் டயொக்சின் என்கிற கொடிய விஷமும் வரும். புகைபோக்கி இல்லாத காம்பராவில் அதை மூச்சில் இழுப்பது யார்? சமைக்கிற பெண்ணும் அவள் முதுகில் தொங்குகிற பிள்ளையும்தான்.

பாட்டிக்கு நான் சொன்னது இதுதான். கவ்வாத்து மிலாறில் மெல்லிசான சுள்ளியாகப் பொறுக்கி, அடுப்புக்கு மேலே பரணில் ஒரு கட்டு எப்பவும் காயட்டும். காய்ந்த டர்பன்டைன் இலை ஒரு பிடி, பழைய பேப்பர் ஒரு துண்டு, தேங்காய்ச் சிரட்டை கிடைத்தால் அதுவும். இரண்டு மூன்று நாள் பழகினால் சரியாகிவிடும். "பாப்போம் ஐயா" என்றார். அடுத்த தடவை போனபோது பரணில் ஒரு கட்டு இருந்தது. அடுப்போரத்தில் ஒரு சிலிசிலி பேக்கும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனுக்கு 2007இலேயே தடை வந்தது. 20 மைக்ரோன் என்றால் ஐம்பது ஷீட்டை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீற்றர். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்த பிறகு, அந்த வருசம் செப்டெம்பர் 1 முதல் லன்ச் ஷீட்டுக்கும் ரெஜிபோம் சோத்துப் பெட்டிக்கும் தடை. 2021இல் ஷாம்பு போன்ற சின்னப் பக்கெற்றுகளுக்கு, 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, தட்டு, இடியப்பத் தட்டு, மாலை ஆகியவற்றுக்கு. 2025 நவம்பர் 1 முதல் கடைக்காரர் ஷொப்பிங் பேக்கைச் சும்மா தரக் கூடாது, காசு வாங்கி பில்லில் போட வேண்டும். காகிதத்தில் இவ்வளவு இருக்கிறது. ஆனால் மானின் வாயில் நான் பார்த்த ஷீட் காகிதத்தைப் படித்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'தோட்டத்துச் சனங்களுக்குச் சுத்தம் தெரியாது' என்று பேசுகிறவர்கள் உண்டு. பட்டணத்து வீட்டு வாசலுக்குக் குப்பை டிரக்டர் வருகிறது. நம்ம லயத்துக்கு எத்தனை வருசமாக வந்தது? 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டக் குடியிருப்புக்குச் சேவை செய்யத் தடையாக நின்றது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். ஆகவே இப்போது 'அது தோட்டம், எங்களுக்கு வேலையில்லை' என்று சபை சொல்ல முடியாது. கிழமைக்கு ஒரு தடவையாவது டிரக்டர் வேண்டும் என்று மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் எழுத்தில் கேளுங்கள். உங்கள் வட்டாரத்து உறுப்பினரிடம் ஒரு பிரதி, தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு பிரதி. டிரக்டர் வரும்வரை போத்தலையும் கெட்டிப் பிளாஸ்டிக்கையும் கழுவித் தனியாக ஒரு சாக்கில் வைத்தால் பழைய இரும்பு வாங்க வருகிறவர் எடுக்கக்கூடும். சாமானின் அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும். 1 தண்ணிப் போத்தல், 2 கெட்டியான கேன், 5 சாக்கும் பல மூடிகளும். இதற்குத்தான் விலை. பிஸ்கட், பால்மாப் பக்கெற் பல படை ஒட்டியது, அதை யாரும் வாங்குவது அபூர்வம். மருந்தடிக்கிற கேனை மாத்திரம் வீட்டுக்குக் கொண்டு வரவே வேண்டாம். மூன்று தரம் கழுவி, ஓட்டை போட்டு ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். தண்ணிக்கோ மண்ணெண்ணெய்க்கோ வைத்தால் உயிருக்கே ஆபத்து.

அடுத்த கோணேசர் பயணத்துக்கு அந்தத் தோட்டத்து இளைஞர்கள் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஆளுக்கொரு சாப்பாட்டுப் பெட்டி. இல்லாதவர்களுக்கு வாழை இலையில் பார்சல். வாடினால் கிழியும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். நெருப்பில் லேசாக வாட்டிக் கட்டினால் கிழியாது என்று கோயில் சமையல்காரர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு மாச் சாக்கு கட்டப்படும். ஒன்றில் இலை, மிச்சச் சோறு. மற்றதில் போத்தலும் பக்கெற்றும். கோட்டை வாசலைத் தாண்டும் முன்னே இரண்டின் வாயையும் இறுக்கிக் கட்டிவிட வேண்டும் என்று கண்டிப்பு. மான் மோப்பம் பிடிக்குமாம்.