தெவிட்டிய கரைசலும் தூத்துக்குடி உப்பும்

தித்திப்பான பண்டத்தை ஓயாமல் தின்றால், ஒரு கட்டத்தில் நாக்கே 'போதும்' என்று மறுத்துவிடுகிறது. அதைத்தான் தெவிட்டுதல் என்கிறோம். தண்ணீருக்கும் இப்படி ஒரு 'போதும்' உண்டு என்று வேதியியல் பாடம் சொல்கிறது. அந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுவிட்டோம் என்றுதான் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எண்ணியிருந்தோம். பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி வந்து கேட்ட பிறகுதான், நாங்கள் கற்றது பாதி என்று தெரிந்தது.

முதலில் எங்கள் மேசையில் நாங்கள் செய்து காட்டியதைச் சொல்லிவிடுகிறோம். ஒரு கண்ணாடிக் குவளையில் 100 கிராம் தண்ணீர் எடுத்துக்கொண்டோம். தண்ணீர் கரைப்பான், உப்பு கரைபொருள், இரண்டும் கலந்தது கரைசல். பத்துப் பத்துக் கிராமாக உப்பைப் போட்டுக் கலக்கினோம். 10 கிராம் கரைந்தது, 20 கரைந்தது, 30 கரைந்தது. இன்னும் கரைக்க இடம் இருக்கும் இந்த நிலையில் அது தெவிட்டாத கரைசல். ஏறக்குறைய 36 கிராமைத் தாண்டியதும், எவ்வளவு கலக்கினாலும் மிச்ச உப்பு அடியிலேயே தங்கிவிட்டது. இப்போது அது தெவிட்டிய கரைசல். குறிப்பிட்ட வெப்பநிலையில் 100 கிராம் தண்ணீரில் அதிக அளவாகக் கரையக்கூடிய பொருளின் எடையே அதன் கரைதிறன்.

இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறோம். கெட்டியாக இருந்தால் தெவிட்டியது, நீர்த்திருந்தால் தெவிட்டாதது என்று எண்ணிக்கொள்கிறோம். 100 கிராம் தண்ணீரில் 100 கிராம் சர்க்கரையைக் கரைத்தால் பாகு போல் இருக்கும். ஆனால் அது தெவிட்டாத கரைசல்தான். ஏனெனில் அந்தத் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைக் கரைக்க வல்லது. சுண்ணாம்பைக் கலக்கித் தெளிய வைத்த நீரோ பளிங்கு போல் இருக்கும். அதில் 100 கிராமுக்கு அரைக்கால் கிராமைவிடச் சற்றே கூடுதலான சுண்ணாம்புதான் இருக்கும். ஆயினும் அது தெவிட்டிய கரைசல்!

பின் எப்படிக் கண்டுபிடிப்பது? அதே பொருளின் சிறு படிகம் ஒன்றைக் கரைசலில் போட்டுப் பாருங்கள். கரைந்துவிட்டால் தெவிட்டாதது. அப்படியே கிடந்தால் தெவிட்டியது. போட்டவுடன் கரைசலிலிருந்தே மளமளவென்று படிகங்கள் பிரிந்தால் அது அதிதெவிட்டிய கரைசல். தன் அளவுக்கு மீறிக் கரைத்து வைத்திருந்தது என்று பொருள். ஹைப்போ என்னும் உப்பைச் சூடாக்கிக் கரைத்து, ஆடாமல் அசையாமல் ஆறவிட்டு, சிஸ்டர் எங்களுக்கு இதைச் செய்து காட்டினார்கள். ஒரே ஒரு படிகம் விழுந்ததும் சோதனைக்குழாய் முழுவதும் உறைந்து, தொட்டுப் பார்த்தால் சூடாகவும் இருந்தது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்ற அந்தத் தங்கை, "அக்கா, தண்ணீரைச் சுட வைத்தால் இன்னும் நிறைய உப்புக் கரையுமா?" என்றாள். "ஓ, நன்றாகக் கரையும்!" என்று தயங்காமல் பதில் சொன்னோம். 45 கிராம் உப்புப் போட்ட குவளையை அடுப்பில் வைத்தோம். தண்ணீர் கொதித்தது; உப்பு மட்டும் அடியில் அப்படியே கிடந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எங்களுக்கு முகம் சிவந்துவிட்டது.

சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கரைதிறன் அட்டவணையை எடுத்துத் தந்தார்கள். அதில் இருந்தது இதுதான்: 100 கிராம் தண்ணீரில் வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட் 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 32 கிராம் கரைகிறது, 60 டிகிரியிலோ ஏறக்குறைய 110 கிராம். சமையல் உப்போ 20 டிகிரியில் 36 கிராம், 100 டிகிரியில் 39 கிராம், அவ்வளவுதான்! சூடு ஏறினால் பெரும்பாலான உப்புகளின் கரைதிறன் கூடும் என்பது உண்மையே. எவ்வளவு கூடும் என்பது பொருளுக்குப் பொருள் வேறுபடும்.

தங்கை விடவில்லை. "அப்படியென்றால் வெடியுப்பை ஆறவைத்தே எடுத்துவிடலாம். நம் உப்பை அப்படி எடுக்க முடியாது. அதனால்தான் எங்கள் அப்பா வேலை செய்கிற உப்பளத்தில் தண்ணீரை வெயிலில் காயவிடுகிறார்களா?" என்றாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தூத்துக்குடியிலேயே பிறந்து வளர்ந்தும் எங்களுக்கு இது தோன்றவில்லையே!

அவள் சொன்னது முற்றிலும் சரி. ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து ஏறக்குறைய 35 கிராம் இருக்கின்றன. சமையல் உப்பைப் பொறுத்தவரை கடல்நீர் தெவிட்டாத கரைசல். வெயிலிலும் காற்றிலும் நீர் ஆவியாகி, அதன் கன அளவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதுதான் அது தெவிட்டுகிறது. அதற்கு முன்பே ஜிப்சம் படிந்துவிடும். பிறகு பாத்திகளில் சமையல் உப்பு விளையும். மக்னீசிய உப்புகள் எளிதில் படியாமல் கரைசலிலேயே தங்கிக் கசக்கும். ஆகவே உப்பு விளைந்ததும் அந்தக் கசப்பு நீரை வடித்துவிடுகிறார்கள்.

"மழை பெய்தால்?" என்று நாங்கள்தான் இப்போது அவளைக் கேட்டோம். "விளைந்த உப்பும் போய்விடும் அக்கா. அப்பாவுக்கு வேலையும் இருக்காது" என்றாள்.

அன்று மாலை கணக்குப் போட்டுப் பார்த்தோம். பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள ஒரு பாத்தியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நன்னீர் சேர்கிறது. அது முழுவதும் கலந்து தெவிட்டும்வரை கரைத்தால் 360 கிலோ உப்பு கரைந்துபோகும்! நல்ல வேளையாக, மழைநீர் உப்புநீரைவிடக் கனம் குறைந்தது. சிறிது நேரம் மேலே நிற்கும். அது கலப்பதற்குள் மேல்நீரை வடித்து, முடிந்ததைக் காப்பாற்றுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டாலோ அதற்கும் வழியில்லை. உப்பு விளைச்சலே நின்றுவிடுகிறது.

தெவிட்டிய கரைசல், தெவிட்டாத கரைசல் என்று நாங்கள் இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த வேறுபாடு, அவள் வீட்டில் அடுப்பு எரிவதற்கும் எரியாததற்கும் உள்ள வேறுபாடாக இருக்கிறது.

தோழியரே, குவளையும் உப்பும் எல்லார் வீட்டிலும் உண்டு. இன்றே செய்து பாருங்கள். அடியில் தங்கும் அந்தச் சில கிராம் உப்பைப் பார்க்கும்போது, வெயிலில் நின்று அதை வாரிக் குவித்தவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.