சர்க்கரையை நிறுத்தினால் கட்டி காயுமா?

சூலூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு. குழாயைச் சுழற்றியதும் மேலே தெளியும் சீரம் வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டும். இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த சாம்பிளில் எல்.டி.எச். என்ற நொதியின் அளவைப் பார்க்க மாட்டேன், மறுபடி ரத்தம் எடுப்பேன். ஊசியில் வேகமாக இழுத்தாலே சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றுக்குள் இருக்கும் எல்.டி.எச். கசிந்து, எண் பொய்யாக ஏறிவிடும். ஆகவே எண் கூடினாலே புற்றுநோய் என்று பதறாதீர்கள். கல்லீரல், தசை பாதித்தாலும் ஏறும்.

லாக்டேட்டை உண்டாக்கும் நொதிதான் இந்த எல்.டி.எச். நிணநீர்ப் புற்றுநோயில் நோயின் வீச்சை அறிய டாக்டர்கள் இதைக் கேட்கிறார்கள். லாக்டேட்டுக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? 1920-களில் ஜெர்மானியரான ஓட்டோ வார்பர்க் கண்டது இது: ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் புற்றணுக்கள் குளுக்கோஸை முழுக்க எரிக்காமல் லாக்டேட்டாக்கி வெளியே தள்ளுகின்றன. முழுக்க எரித்தால் ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏ.டி.பி. (அணுக்களின் ஆற்றல் நாணயம்) கிடைக்கும், இப்படிக் கிடைப்பது 2. பெட் ஸ்கேனில் கட்டி பளிச்சென்று தெரிவது, குளுக்கோஸை அள்ளி இழுக்கும் இந்தப் பசியால்தான்.

தள்ளிய லாக்டேட்டும் சும்மா இருப்பதில்லை. கூடவே வெளியேறும் அமிலத்தால் கட்டியைச் சுற்றிலும் புளித்துப்போகிறது. கட்டியை அழிக்க வரும் டி அணுக்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் அங்கே சோர்ந்துபோகின்றன. ஆக்சிஜன் எட்டும் இடத்துப் புற்றணுக்கள் அந்த லாக்டேட்டையே எரிபொருளாக்குவதை 2008-ல் காட்டினார்கள். லாக்டேட், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒட்டி மரபணுக்களை முடுக்குவது 2019-ல் தெரியவந்தது. அந்த வழிகளை அடைக்கும் மருந்துகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஏனுங்க தம்பி, சக்கரையை நிறுத்திப்போட்டா கட்டி காஞ்சு போயிருமுங்களா?" என்று கேட்காத குடும்பமில்லை. கணவருக்குச் சோற்றையே நிறுத்திவிட்ட அம்மாவைப் பார்த்திருக்கிறேன். அவர் இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

காயாதுங்க. கட்டி தள்ளி ரத்தத்தில் கலக்கும் லாக்டேட்டைக் கல்லீரல் மறுபடி குளுக்கோஸாக்குகிறது. அதற்கு 6 ஏ.டி.பி. செலவு, கட்டிக்குக் கிடைத்ததோ 2. நஷ்டம் நோயாளியின் உடம்புக்கு. பட்டினி போட்டாலும் கல்லீரல் தசையைக் கரைத்தாவது குளுக்கோஸ் செய்யும், கட்டி அதையும் எடுத்துக்கொள்ளும். காப்பியில் சர்க்கரையைக் குறையுங்கள், தப்பில்லை. சர்க்கரை நோய் இருந்தால் டாக்டர் சொன்ன அளவுப்படி கொடுங்கள். மற்றவர்களுக்கு நெய் விட்ட அரிசிம்பருப்புச் சாதமும் முட்டையும், எத்தனை வாய் இறங்குகிறதோ அத்தனை வாய் ஊட்டுங்கள். கீமோவைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டுமுங்க.