விட்டுப்போன எட்டாவது சர்வர்

2012 ஆகஸ்ட் 1. காலை ஒன்பதரை மணிக்கு நியூயார்க் பங்குச் சந்தை திறந்ததுமே சில பங்குகளின் விலை காரணமே இல்லாமல் எகிறத் தொடங்கியது. ஆர்டர்களைக் கொட்டிக்கொண்டிருந்தது நைட் கேப்பிடல் என்ற நிறுவனம். அமெரிக்கப் பங்கு வர்த்தகத்தில் பெரிய கை அது. முக்கால் மணி நேரத்தில் 154 பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள்; கைமாறியவை 39.7 கோடிப் பங்குகள். வேண்டாமல் சேர்ந்ததையெல்லாம் விற்றுக் கழித்தபோது நஷ்டம் 46 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

யாரும் ஊடுருவவில்லை, எந்த இயந்திரமும் பழுதாகவில்லை. அன்று சந்தை தொடங்கிய புதிய திட்டத்துக்காக எழுதிய மென்பொருளை எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டியிருந்தது. ஊழியர் ஒருவர் ஏழில் ஏற்றினார், ஒன்று விட்டுப்போனது. இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்துபூர்வமான விதி அந்த நிறுவனத்தில் இல்லை. விட்டுப்போன சர்வரிலோ, 2003இலேயே பயன்பாட்டை நிறுத்திய 'பவர் பெக்' என்ற பழைய நிரல் நீக்கப்படாமல் கிடந்தது. புதிய மென்பொருளை இயக்குவதற்கு, ஒருகாலத்தில் பவர் பெக்கை இயக்கிய அதே குறியீட்டையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். குறியீடு வந்ததும் ஏழு சர்வர்கள் புதிய வேலையைச் செய்தன. எட்டாவது, பழையதை எழுப்பிவிட்டது. ஆர்டர் நிறைவேறியதா என்று எண்ணிப் பார்த்து நிறுத்தும் பகுதியை 2005இல் வேறிடத்துக்கு மாற்றியிருந்ததால், பவர் பெக்குக்கு நிறுத்தத் தெரியவில்லை.

இதைவிடக் கொடுமை அடுத்து நடந்தது. புதிய மென்பொருளில்தான் கோளாறு என்று நினைத்துச் சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் அதை நீக்கினார்கள். பழைய நிரலே மிஞ்சியதால், இப்போது அவையும் பவர் பெக்கை ஓட்டத் தொடங்கின. எந்த சர்வரில் எது இருக்கிறது என்று பார்த்தவுடன் சொல்லும் வசதி இருந்திருந்தால், பின்வாங்குவது ஆபத்தாக முடிந்திருக்காது. மறு ஆண்டு, அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது. அதற்குள் நைட், கெட்கோ என்ற நிறுவனத்துடன் இணைந்துவிட்டது.

பழியை அந்த ஊழியர் தலையில் போடுவது எளிது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்குள் புகுந்து கோப்புகளை மாற்றிவிட்டு வரும் முறையில், இன்றில்லாவிட்டால் நாளை ஒன்று விட்டுப்போகத்தான் செய்யும். வருடக்கணக்கில் ஒட்டுப்போட்ட சர்வர்களில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

மெய்நிகர் சர்வர்கள் இதற்கு வேறொரு வழியைத் திறந்துவிட்டன. நெட்ஃபிளிக்ஸ் அதைப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அங்கே புதிய பதிப்பு தயாரானதும் பழைய சர்வர்களைத் தொடுவதில்லை. இயங்குதளம், துணை நிரல்கள், மென்பொருள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே 'இமேஜ்' ஆக்குகிறார்கள். அதிலிருந்து பத்து சர்வர் வேண்டுமானாலும் நூறு வேண்டுமானாலும் எழுப்பலாம். அத்தனையும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்கும். புதியவை தயாரானதும் வாடிக்கையாளர்களின் கோரிக்கைகளைப் பங்கிடும் லோடு பேலன்சர், அவற்றைப் புதிய பக்கம் திருப்பிவிடும். பழைய சர்வர்கள் சிறிது நேரம் சும்மா நிற்கும். கோளாறு தெரிந்தால் கோரிக்கைகளைப் பழைய பக்கமே திருப்பிவிட்டால் போதும். இரும்புப் பெட்டியாக சர்வர் வாங்கிய காலத்தில் இப்படி இரட்டைச் செலவு செய்ய யார் துணிவார்கள்? பயன்படுத்திய நேரத்துக்கு மட்டும் வாடகை என்றானதும் கணக்கு மாறிவிட்டது. இந்த வேலைகளை நடத்தும் ஸ்பின்னக்கர் என்ற கருவியை நெட்ஃபிளிக்ஸ் 2015இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது.

முழுதாகத் திருப்புவதற்கு முன் 'கேனரி' சோதனை ஒன்றும் உண்டு. கோரிக்கைகளில் ஒரு சிறு பங்கை மட்டும் புதிய பதிப்புக்கு அனுப்பி, பிழைகளும் தாமதமும் கூடுகின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். இங்கே பக்கத்தில் இன்னொரு பானையும் கொதித்தாக வேண்டும். பல நாட்கள் ஓடிப் பழகிய சர்வரோடு இப்போதுதான் எழுந்த சர்வரை ஒப்பிட்டால் முடிவு பிசகிவிடும். அதனால் பழைய பதிப்பிலும் சில சர்வர்களைப் புதிதாக எழுப்பி, இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். இந்த ஒப்பீட்டைத் தானாகச் செய்யும் காயென்டா என்ற கருவியை கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் 2018இல் வெளியிட்டன.

இத்தனை இருந்தும் ஓட்டை விழும் இடம் உண்டு. 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கி, விமானங்கள் ரத்தானது நினைவிருக்கலாம். அதற்குக் காரணமான கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளின் புதிய பதிப்புகளைப் படிப்படியாகத்தான் வெளியிட்டுவந்தது. அன்று போனதோ, தாக்குதல்களை அடையாளம் காணும் விவரங்கள் அடங்கிய சிறு கோப்பு. அது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் முடங்கிய கணினிகளால் திருத்தத்தை வாங்கிக்கொள்ள முடியவில்லை. பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாகத்தான் சரிசெய்ய வேண்டியிருந்தது.

இன்னும் பெரிய சிக்கல் தரவுத்தளம். மென்பொருளைப் பழைய பதிப்புக்குத் திருப்பிவிடலாம், இடைப்பட்ட நேரத்தில் வாடிக்கையாளர் செலுத்திய பணத்தையும் பதிந்த முகவரியையும் இல்லையென்று ஆக்க முடியுமா? இந்தப் புதிய முறைக்கு மாறும் நிறுவனங்களுக்கு அதிக வேலை வைப்பது இதுதான். தரவுத்தள அட்டவணையில் ஒரு பத்தியின் பெயரை மாற்றுவது போன்ற அற்ப வேலையைக்கூடப் பல வெளியீடுகளாகப் பிரிக்கிறார்கள். முதலில் புதிய பத்தியைச் சேர்த்து, விவரத்தை இரண்டிலும் எழுதுவார்கள். ஏற்கெனவே இருப்பவற்றையும் நகலெடுத்த பிறகு, படிப்பதைப் புதியதற்கு மாற்றுவார்கள். எந்த சர்வரும் பழைய பத்தியைத் தொடவில்லை, இனி பழைய பதிப்புக்குத் திரும்பவும் தேவையில்லை என்று உறுதியான பிறகே அதை நீக்குவார்கள். சில இடங்களில் அதற்கு வாரக்கணக்கில் ஆகிறது.