பிச்சாவரத்துல தனியா மாட்டிக்கிட்டா? காட்டுல பிழைக்கிற விதிகள் தலைகீழாகுற இடம்

(ஒலிபரப்பான எபிசோடின் சுருக்கித் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

2020-ல ரஜினிகாந்த், பேர் கிரில்ஸ்கூட பந்திப்பூர் காட்டுக்குள்ள போன எபிசோடை உங்கள்ல பல பேர் பார்த்திருப்பீங்க. அந்த மாதிரி நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பார்த்தே நம்ம மண்டைக்குள்ள சில விதிகள் பதிஞ்சுபோச்சு. காட்டுல தனியா மாட்டிக்கிட்டா தண்ணி ஓடுற திசையில நட, ஊர் வரும். நெருப்பு மூட்டு, புகையைப் பார்த்து ஆள் வரும். மீனைப் பிடிச்சு சுட்டுத் தின்னு.

இந்த விதிகளை இன்னைக்கு ஒரு நிஜமான இடத்துல வெச்சு சோதிச்சுப் பார்க்கப்போறோம். அமேசான் எல்லாம் இல்ல. சிதம்பரத்துலேர்ந்து சுமார் 15 கிலோமீட்டர், கிள்ளை தாண்டினா வர்ற பிச்சாவரம். வீக்எண்டுக்குப் போய் போட்டிங் பண்ணிட்டு, ரீல்ஸ் எடுத்துட்டு வர்றோமே, அதே இடம்தான்.

இது எந்த மாதிரிக் காடு?

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். ரெண்டும் கடலோட கலக்குற இடங்களுக்கு நடுவுல, ஆயிரம் ஹெக்டேருக்கும் மேல பரந்து கிடக்கிற அலையாத்திக் காடு இது. சின்னச் சின்னத் திட்டுகள், அதுக்கு நடுவுல வலை மாதிரி கால்வாய்கள். கிழக்கே ஒரு மணல் திட்டு, அதைத் தாண்டினா வங்கக்கடல். 1975-ல வந்த எம்.ஜி.ஆரோட 'இதயக்கனி' படத்தை இங்க எடுத்தாங்க. 2022-ல இது ராம்சார் ஈரநிலப் பட்டியல்லயும் இடம் பிடிச்சுது.

படகுல போகும்போது அழகா தெரியுற இந்தக் காட்டுல, படகை எடுத்துட்டா என்ன மிஞ்சும்? எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி கால்வாய். மேடு கிடையாது. நடக்க நிலமும் கிடையாது. இருக்கிறது சேறுதான்.

மூணு, மூணு, மூணு

உயிர்பிழைப்புப் பயிற்சி கொடுக்கிறவங்க தோராயமான ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. காத்து இல்லாம மூணு நிமிஷம். கடுமையான குளிர்லயோ வெயில்லயோ ஒதுங்க இடம் இல்லாம மூணு மணி நேரம். தண்ணி இல்லாம மூணு நாள். சாப்பாடு இல்லாம மூணு வாரம். இது துல்லியமான அறிவியல் இல்ல, ஆளுக்கு ஆள் மாறும். ஆனா எதுக்கு முதல்ல பயப்படணும், எதுக்குக் கடைசியில பயப்படணும்னு ஒரு வரிசையை இது கொடுக்குது. நாம பொதுவா அந்த வரிசையைத் தலைகீழா வெச்சிருப்போம். மாட்டிக்கிட்ட அரை மணி நேரத்துல "சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"ன்னு யோசிப்போம். பசிக்கு நேரம் இருக்கு. வெயிலுக்கும் தாகத்துக்கும்தான் நேரம் இல்ல.

கடலூர் மாவட்டக் கடலோரத்துல மே மாசத்தை நினைச்சுப் பாருங்க. வெயில் ஒரு பக்கம், காத்துல இருக்கிற ஈரப்பதம் இன்னொரு பக்கம். வேர்வை காய்ஞ்சாதான் உடம்பு குளிரும். புழுக்கத்துல அது காயவே காயாது, உடம்புத் தண்ணி மட்டும் வெளியே போய்க்கிட்டே இருக்கும். அந்த வெயில்ல கடுமையா உழைச்சா, மணிக்கு ஒரு லிட்டர் வேர்வை போறது சாதாரணம். அதனால முதல் வேலை, எதுவும் செய்யாம நிழல்ல உட்கார்றது. நகர்றதா இருந்தா விடியக்காலையில, இல்லன்னா வெயில் தாழ்ந்த பிறகு.

தண்ணிக்கு நடுவுல தாகம்

சரி, தண்ணி? சுத்தி எங்க பார்த்தாலும் தண்ணிதான். ஒரு வாய் குடிச்சா என்ன?

கடல்தண்ணியில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. நம்ம சிறுநீரகத்தால அவ்வளவு உப்புச் செறிவான சிறுநீரை உருவாக்க முடியாது. அப்போ உள்ள போன உப்பை வெளியேத்த, உடம்பு தன்கிட்ட இருக்கிற நல்ல தண்ணியையும் சேர்த்துச் செலவு பண்ணும். ஒரு லிட்டர் குடிச்சா, ஒரு லிட்டருக்கும் மேல இழப்பீங்க. குடிக்கக் குடிக்கத் தாகம் கூடிக்கிட்டே போகும்.

ஐப்பசி, கார்த்திகையில மாட்டினா மழை காப்பாத்தும். சட்டை, பிளாஸ்டிக் கவர், எது கிடைச்சாலும் விரிச்சுப் பிடிக்கலாம். கோடையில அந்த வழியும் இல்ல. இலை நிறைஞ்ச ஒரு கிளையைப் பிளாஸ்டிக் பையால மூடிக் கட்டினா, இலை விடுற ஆவி உள்ள நீராப் படியும். ஆனா நாள் பூரா காத்திருந்தாலும் ஒரு டம்ளர் தேறினாலே பெரிசு.

கடலோர மக்களுக்குத் தெரிஞ்ச வழி ஊத்து தோண்டுறது. மணல் திட்டுல மழைத்தண்ணி இறங்கும்போது, அது உப்புத்தண்ணியைவிட எடை குறைவுங்கிறதால அதுக்கு மேல ஒரு படலமா மிதக்கும். அலை அடிக்கிற இடத்துலேர்ந்து தள்ளி, மணல் மேட்டுக்குப் பின்னாடி தோண்டணும். முக்கியமான விஷயம், ஆழமா தோண்டக் கூடாது. ஈரம் தட்டி நீர் ஊறினதும் நிறுத்திடணும். ஆசைப்பட்டு இன்னும் ஒரு அடி இறங்கினா, கீழே இருக்கிற உப்புத்தண்ணி மேல வந்துடும்.

இந்த உப்பு மனுஷனை மட்டும் கொல்லல, இந்தக் காட்டையே ஒரு தடவை கொன்னுருக்கு. பிரிட்டிஷ் காலத்துல தொடங்கி 1970-கள் வரைக்கும், இங்க பகுதி பகுதியா மரங்களை மொத்தமா வெட்டினாங்க. நிழல் போன இடத்துல வெயில் பட்டு, மண் காய்ஞ்சு அமுங்கிக் குழியாச்சு. ஓதத்துல ஏறின தண்ணி அதுல தேங்கி ஆவியாக, உப்பு மட்டும் கூடிக்கிட்டே போச்சு. உப்பு தாங்குற அலையாத்திகூட அங்க முளைக்கல. பின்னாடி எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவத்துல கால்வாய் வெட்டித் தண்ணி உள்ள வந்து வெளியே போக வழி பண்ணினாங்க. அதுக்கப்புறம்தான் காடு திரும்பி வந்துச்சு.

தண்ணியைப் பின்தொடர்ந்து போகலாமா?

1971 டிசம்பர் 24. பெரு நாட்டுல மின்னல் தாக்கி ஒரு விமானம் நடுவானத்துல உடைஞ்சுது. 91 பேர் இறந்தாங்க. சுமார் 3 கிலோமீட்டர் உயரத்துலேர்ந்து இருக்கையோட விழுந்து பிழைச்ச ஒரே ஆள், 17 வயசு ஜூலியானே கேப்கே. காலர் எலும்பு உடைஞ்ச நிலையில ஒரு சின்ன ஓடையைக் கண்டுபிடிச்சு, அது போன திசையிலேயே நடந்தும் நீந்தியும் போனாங்க. 11-வது நாள் மரம் வெட்டுறவங்க அவங்களைக் கண்டுபிடிச்சாங்க.

ஓடை ஆத்துல சேரும், ஆத்தங்கரையில மனுஷங்க இருப்பாங்க. மலைக்காட்டுல இது அருமையான விதி. பிச்சாவரத்துல இதே விதி உங்களை வட்டமடிக்க வைக்கும். ஏன்னா, இங்க தண்ணிக்கு ஒரே திசை கிடையாது. ஓதம் ஏறும்போது கடல்லேர்ந்து உள்ள வரும், வத்தும்போது வெளியே போகும். சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறும். காலையில கரையைக் காட்டின அதே கால்வாய், மத்தியானம் கடலைக் காட்டும்.

இங்க நம்பகமான திசைகாட்டி சூரியன்தான். காலையில அது இருக்கிற பக்கம் கடல், சாயங்காலம் இறங்குற பக்கம் ஊர். ஆனா திசை தெரிஞ்சா மட்டும் நடந்துட முடியாது. அதனால அகலமான கால்வாய் ஓரம் கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஒரே இடத்துல இருக்கிறதுதான் புத்திசாலித்தனம். படகு வரப்போறது அந்த வழியாத்தான். தேடுறவங்களுக்கு நகர்ற ஆளைவிட ஒரே இடத்துல நிக்கிற ஆள் சீக்கிரம் கிடைப்பான்.

"நல்ல தண்ணி தேடி மேற்கே ஆத்துப்பக்கம் போயிடலாமே"ன்னு தோணும். அங்க வேற கணக்கு இருக்கு. சிதம்பரம் பக்கத்துல பழைய கொள்ளிடத்துல முதலைகள் உண்டு. கரையோர ஊர்க்காரங்களை அது கடிச்ச சம்பவங்களும் நடந்திருக்கு. வனத்துறை பிடிக்கிற முதலைகளை வக்காரமாரி ஏரியில கொண்டுபோய் விடுறாங்க.

சேறும் தில்லையும்

சேத்துல கால் மாட்டினா, சினிமாவுல காட்டுற மாதிரி தலை வரைக்கும் முழுங்கிடாது. சேறு நம்ம உடம்பைவிட அடர்த்தி அதிகம். ஆபத்து வேற இடத்துல இருக்கு. சிக்கின நேரத்துல ஓதம் ஏறிச்சுன்னா? அதனால பதறி இழுக்காம, பின்பக்கமா சாய்ஞ்சு எடையைப் பரப்பி, காலை மெதுவா அசைச்சு அசைச்சு எடுக்கணும். செருப்பு போனா போகட்டும்னு விட்டுடவும் கூடாது. வெண்கண்டல் மரத்தோட மூச்சுவேர்கள் பென்சில் நட்டு வெச்ச மாதிரி சேத்துக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கும், காலைக் கிழிச்சுடும்.

அடுத்தது தில்லை. சிதம்பரத்தோட பழைய பேர் தில்லை, நடராஜர் கோயிலோட தலவிருட்சமும் தில்லைதான். இப்போ அந்த மரத்தைப் பார்க்கணும்னா பிச்சாவரத்துக்குத்தான் வரணும். கிளையை ஒடிச்சா வெள்ளையா பால் வரும். தோல்ல பட்டா கொப்புளம், கண்ணுல பட்டா தற்காலிகமா பார்வையே போகலாம். நெருப்பு மூட்ட விறகு, ஊனிக்க ஒரு குச்சின்னு தெரியாம இதை ஒடிச்சா, பாதிப் பிரச்சினையை நாமே வரவழைச்ச மாதிரி.

கையால மீன் பிடிக்கிறவங்க

சாப்பாடு இங்க நிறையவே இருக்கு. இறால், நண்டு, மட்டி. ஆனா ஒரு விதி: குடிக்கத் தண்ணி இல்லன்னா, மீனும் நண்டும் சாப்பிடாதீங்க. புரதத்தைச் செரிச்சுக் கழிவை வெளியேத்த உடம்புக்குக் கூடுதல் தண்ணி வேணும்.

இதே காட்டுல தினமும் இறங்கி ஏறுற மக்கள் இருக்காங்க. கிள்ளைப் பக்கத்து இருளர் குடும்பங்கள். வலையே இல்லாம, கழுத்தளவு தண்ணியில உட்கார்ந்து நகர்ந்துக்கிட்டே, சேத்தைக் கையால தடவி இறால் பிடிப்பாங்க. பிடிச்சதைப் போட ஓலையில பின்னின பறி, அதைப் பல்லால கவ்விக்கிறது. ரெண்டு கையும் தடவுறதுக்கு வேணுமே. எப்போ ஓதம் வத்தும், எந்த வாய்க்கால்ல இறங்கலாம், எந்த மரத்தைத் தொடக் கூடாது, இதெல்லாம் அவங்க கையிலயும் கால்லயும் இருக்கிற அறிவு. நாம "சர்வைவல்"னு சொல்றது அவங்களுக்கு அன்னாடப் பிழைப்பு. ஆனா தமிழ்நாட்டுல இருளர் குடும்பங்களுக்கு ஒரு பழங்குடிச் சான்றிதழ் வாங்குறதே பல வருஷப் போராட்டம். அந்தப் பிள்ளைங்களோட படிப்பு அந்தக் காகிதத்தை நம்பித்தான் இருக்கு.

ஜூலியானே கதையிலயும் இதேதான். அவங்க அப்பா, அம்மா ரெண்டு பேரும் உயிரியலாளர்கள், அந்தக் காட்டுலயே ஆய்வு நிலையம் வெச்சிருந்தவங்க. ஓடையைப் பின்தொடரணும்னு சொல்லிக் கொடுத்தது அப்பா. தனியா பிழைச்சவங்கன்னு நாம சொல்ற பலருக்கும், யாரோ கத்துக் கொடுத்த ஒரு விஷயம்தான் துணையா இருந்திருக்கு.

டிசம்பர் 26, 2004

அன்னைக்கு சுனாமியில கடலூர் மாவட்டத்துல மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. பிச்சாவரத்துக்குக் கிழக்கே, கடலுக்கும் காயலுக்கும் நடுவுல மணல் திட்டுல இருந்த எம்.ஜி.ஆர். திட்டு கிராமம் அழிஞ்சுபோச்சு. மிச்சமிருந்தவங்க நிலப்பக்கமா வந்து குடியேறினாங்க. காட்டுக்குப் பின்னாடி இருந்த ஊர்கள்ல சேதம் ரொம்பக் குறைவு. கடலூர் கடலோரத்துல நடந்த ஆய்வு 2005-ல 'சயின்ஸ்' இதழ்லயே வந்துச்சு: அடர்ந்த மரங்களுக்குப் பின்னாடி இருந்த கிராமங்கள் தப்பிச்சிருக்கு. எல்லாச் சுனாமியையும் மரம் தடுத்துடாதுதான். ஆனா அன்னைக்கு இந்தக் காடு நின்னதால, ஊர் ஊரா மக்கள் பிழைச்சாங்க.

போறதுக்கு முன்னாடி

பிச்சாவரம் காப்புக்காடு. அனுமதிச்ச படகுல, அனுமதிச்ச வழியில மட்டும் போங்க. எங்க போறீங்க, எப்போ திரும்புவீங்கன்னு கரையில ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போங்க. உங்களைத் தேட ஆரம்பிக்கிற நேரத்தை முடிவு பண்றது அந்த ஒரு வாக்கியம்தான். ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, தொப்பி, விசில், தண்ணி புகாத கவர்ல சார்ஜ் உள்ள போன். சிக்னல் இல்லன்னாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், மேப்பை முன்னாடியே டவுன்லோடு பண்ணி வெச்சுக்கோங்க. உங்க நெட்வொர்க் இல்லாத இடத்துலயும் வேற நெட்வொர்க் இருந்தா 112 போகும். கடலோரக் காவல்படைக்கு 1554.

அப்புறம், துடுப்புப் போடுற அண்ணன்கிட்ட கொஞ்சம் பேச்சு கொடுங்க. "ஓதம் இப்போ ஏறுதா, வத்துதாண்ணே? இதுல தில்லை எது?"ன்னு கேளுங்க. அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.