கதாநாயகி செத்த பிறகு தொடங்கும் கதை! கோடம்பாக்கத்தைக் கூண்டில் ஏற்றிய மலையாளப் படம்

படம் தொடங்குகிறது. கதாநாயகி உயிரோடு இல்லை!

மற்ற படங்களில் கதாநாயகி சாவதென்றால் கிளைமாக்சில்தான் சாவாள். ரசிகர் கைக்குட்டையை எடுக்க அதுவரை நேரம் கொடுப்பார்கள். 1983ம் ஆண்டு வந்த இந்த மலையாளப் படத்தில் அந்தச் சலுகை கிடையாது. தலைப்பிலேயே சாவு. 'லேகயுடெ மரணம் ஒரு ஃப்ளாஷ்பேக்' என்பது படத்தின் பெயர். லேகாவின் மரணம், அதற்கு முன்னால் நடந்தது என்ன என்பதுதான் கதை.

டைரக்டர், கே.ஜி. ஜார்ஜ். மலையாளப் படம்தான், ஆனால் கதை நடக்கும் இடம் ஆலப்புழையும் அல்ல, திருவனந்தபுரமும் அல்ல. நம்ம கோடம்பாக்கம்!

பெட்டி படுக்கையோடு வந்த சாந்தம்மா

கேரளத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்கு வந்து சேருகிறது. அப்பா, அம்மா, மகள். மகள் பெயர் சாந்தம்மா. அவளை நடிகையாக்கிவிட வேண்டும் என்பது அம்மா விசாலாட்சியின் கனவு. பெண்ணுக்கு என்ன ஆசை என்று யாரும் கேட்கவில்லை.

சான்ஸ் அவ்வளவு சுலபத்தில் கிடைக்குமா? கையிலிருந்த பணம் கரைகிறது. வீட்டு வாடகை, சாப்பாட்டுக் கடன் கழுத்தை நெரிக்கின்றன. பிழைப்புக்காகப் பெற்ற மகளையே தவறான வழியில் தள்ளும் அளவுக்குத் தாய் போய்விடுகிறாள். பிறகு மெல்ல மெல்லக் கதவு திறக்கிறது. சாந்தம்மா 'லேகா' ஆகிறாள். புகழ் வருகிறது. பணம் வருகிறது. கார் வருகிறது. தேசிய விருதும் வருகிறது.

பிறகுதான் காதல் வருகிறது.

அவள் மனதைப் பறிகொடுத்தது ஒரு டைரக்டரிடம். பெயர் சுரேஷ் பாபு. நல்ல படம் எடுப்பவர் என்று பெயர் வாங்கியவர். வயதில் மூத்தவர். கல்யாணமானவர். கடைசியில் அவர் மனைவியிடமே திரும்பிப் போகிறார். லேகாவுக்குத் திரும்பிப் போக இடமில்லை. தற்கொலை செய்துகொள்கிறாள்.

கதையைக் கேட்டவுடனே அந்த நாளில் எல்லோர் வாயிலும் ஒரே பெயர்தான் வந்தது. ஷோபா!

பதினேழே வயது

'பசி' படத்தை மறக்க முடியுமா? 1979ல் துரை டைரக்ட் செய்த படம். சென்னைச் சேரியில் குப்பைக் காகிதம் பொறுக்கும் பெண் குப்பம்மா. அப்பா சைக்கிள் ரிக்‌ஷாக்காரர். அந்த வேடத்தில் டெல்லி கணேஷ். கல்யாணமான லாரி டிரைவரை நம்பி ஏமாந்துபோகும் குப்பம்மாவாக ஷோபா, மேக்கப்பே இல்லாத மாதிரி நடித்தார். 1979ம் ஆண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. அந்த நாளில் அந்த விருதை 'ஊர்வசி' பட்டம் என்பார்கள்.

1980ம் ஆண்டு மே 1ந் தேதி சென்னையில் ஷோபா தற்கொலை செய்துகொண்டார். வயது 17. வோட்டுப் போடும் வயதுகூட ஆகவில்லை!

அதற்குள் அவர் நடித்து முடித்திருந்த படங்கள் எத்தனை! குழந்தை நட்சத்திரமாக 1966ல், சந்திரபாபு டைரக்ட் செய்த 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தில் அறிமுகம். அப்போது பேபி மகாலட்சுமி. பிறகு 'நிழல் நிஜமாகிறது', 'முள்ளும் மலரும்', 'அழியாத கோலங்கள்'. 'முள்ளும் மலரும்' படத்தில் ரஜினிக்குத் தங்கையாக வந்து, அண்ணன் பக்கம் நிற்பதா, விரும்பியவர் பின்னால் போவதா என்று தவித்த அந்த முகம் லேசில் மறக்கக் கூடியதல்ல.

'முள்ளும் மலரும்' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் 'அழியாத கோலங்கள்' படத்தை டைரக்ட் செய்தவரும் பாலு மகேந்திரா. ஷோபாவோடு தனக்கு இருந்த உறவைப் பற்றி அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். ஷோபா நடித்த அவருடைய 'மூடுபனி' திரைக்கு வந்தபோது ஷோபா இல்லை. 2014ல் பாலு மகேந்திராவும் காலமாகிவிட்டார்.

இத்தனையையும் வைத்துப் பார்த்தால் 'லேகா' என்பது யார் என்று சொல்ல ஜோசியம் தெரிய வேண்டியதில்லை. மூன்றே வருடத்தில் படம் வந்துவிட்டது வேறு. 'யார் அந்த டைரக்டர்? யார் அந்த ஹீரோ?' என்று ஜனங்கள் கணக்குப் போட்டுக்கொண்டேதான் தியேட்டருக்குப் போனார்கள்.

அங்கேதான் ஒரு விஷயம் தவறிப்போகிறது.

லேகா வேறு, ஷோபா வேறு

ஷோபா ஊர்விட்டு ஊர் வந்து சான்ஸ் தேடி அலைந்தவர் அல்ல. அவருடைய தாயார் பிரேமா, மலையாளப் படங்களில் நடித்தவர். நடக்கப் பழகிய வயதிலேயே காமிராவைப் பார்த்துவிட்ட பெண் ஷோபா. படத்தில் வரும் சாந்தம்மாவோ, ஸ்டூடியோ கேட்டையே முதன்முதலாகப் பார்த்து மிரளுபவள். படத்தில் வரும் பேராசைக்காரத் தாயையும் ஷோபாவின் தாயையும் ஒன்றாக்கிப் பேசுவது அநியாயம். கடைசிப் பாதிதான் ஷோபாவை நினைவுபடுத்துகிறது. முதல் பாதி, பெயர் தெரியாமல் போன ஆயிரம் பெண்களின் கதை.

ஜார்ஜ் விஷயம் தெரியாதவரும் அல்ல. 1979ல் அவர் எடுத்த 'உள்க்கடல்' படத்தில் வேணு நாகவள்ளியோடு நடித்தவர் ஷோபா. செட்டில் நேரில் பார்த்துப் பழகிய பெண். வெறும் வம்புக்காகப் படம் எடுப்பதானால் அவரிடம் சரக்கு இருந்தது. அவர் அந்தக் கடையைத் திறக்கவில்லை.

தயாரிப்பாளர், ஹீரோ, டைரக்டர், பெற்ற தாய் என்று ஒவ்வொருவராகக் காட்டிக்கொண்டே போகிறார். தனியாக எடுத்தால் யாருமே கொலைகாரன் இல்லை. ஆளாளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். 'யார் அந்த ஆள்?' என்று கேட்டுக்கொண்டு வந்தவருக்குப் படம் வேறு கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் இந்தப் பெண்ணை ஷூட்டிங்குக்கு அனுப்பி, அவள் சம்பாத்தியத்தில் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர்?

கேரளத்துப் படம், சென்னைச் சமையல்

மலையாளப் படத்துக்குக் கோடம்பாக்கத்தில் என்ன வேலை என்று இன்றைய இளவட்டங்கள் கேட்கலாம்.

கேரளத்தில் ஸ்டூடியோ இல்லாமலில்லை. ஆலப்புழையில் குஞ்சாக்கோவின் உதயா, திருவனந்தபுரத்தில் மெரிலாண்ட். ஆனாலும் பாட்டுப் பதிவா, லேபா, எடிட்டிங்கா, பெரும்பாலும் சென்னைக்குத்தான் வரவேண்டும். ஏவி.எம்., வாகினி, பரணி என்று தளங்கள் இங்கே. வாத்தியக்காரர்கள் இங்கே. மேக்கப்மேன், லைட்பாய், டான்ஸ் மாஸ்டர் எல்லோரும் இங்கே. திருவனந்தபுரத்தில் அரசாங்கமே சித்ராஞ்சலி ஸ்டூடியோவைத் திறந்தது 1980ல்தான். ஆக மலையாள நட்சத்திரங்கள் ஒரு காலை ஊரிலும் ஒரு காலைச் சென்னையிலும் வைத்திருந்தார்கள்.

அவர்களை நம்பித்தான் சாந்தம்மாக்களும் ரயில் ஏறினார்கள். கையில் நாலு போட்டோ. விலாசம் எழுதிய துண்டுச் சீட்டு. வடபழனி, சாலிகிராமம் பக்கம் ஒரு சின்ன அறை. காலையில் கிளம்பி கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினால், 'புரொடக்‌ஷன் மேனேஜரைப் பாரு' என்பார்கள். மேனேஜரைப் பார்த்தால், 'ஏஜெண்ட் மூலமா வாம்மா' என்பார். ஏஜெண்ட் பிடித்த கமிஷன் போக, கூட்டத்தில் நின்ற எக்ஸ்ட்ராவின் கைக்கு வந்தது பஸ் காசும் இட்லிக் காசும்தான்.

மேம்பாலம் வருவதற்கு முன்னால் கோடம்பாக்கம் ரயில்வே கேட் மூடும்போதெல்லாம் நட்சத்திரங்களின் கார் நிற்கும், ஜனங்கள் முண்டியடிப்பார்கள் என்று பழைய ஆட்கள் கதை சொல்வதுண்டு. காருக்குள் இருந்தவர்களை எல்லோருக்கும் தெரியும். அதே கேட்டில் நடந்து வந்து நின்ற பெண்களை யார் பார்த்தார்கள்? ஜார்ஜ் பார்த்தார்.

நடித்தவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல

லேகாவாக வந்தவர் நளினி. அதே 1983ல் டி. ராஜேந்தரின் 'உயிருள்ளவரை உஷா' வந்து தமிழ்நாட்டு ரசிகர்கள் மத்தியில் அவர் பிரபலமானார். இங்கே உஷா, அங்கே லேகா! பிற்காலத்தில் டி.வி. தொடர்களில் மாமியாராகவும் சிரிப்பு வேடங்களிலும் அவரைப் பார்த்துப் பழகியவர்கள் இந்தப் படத்தைப் பார்த்தால், 'இவரா அவர்!' என்று மூக்கில் விரலை வைப்பார்கள்.

பிரபல நட்சத்திரம் பிரேம் சாகராக மம்முட்டி. அவர் அப்போது மேலே ஏறிக்கொண்டிருந்த நேரம். முந்தின வருடம் ஜார்ஜின் 'யவனிகா'வில் போலீஸ் அதிகாரியாக வந்து பேர் வாங்கியிருந்தார். நிஜமான ஸ்டார் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் சினிமா ஸ்டாராக நடித்துப் பார்த்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

டைரக்டர் சுரேஷ் பாபுவாக பரத் கோபி. 'கொடியேற்றம்' படத்துக்காக தேசிய விருது பெற்ற மனிதர். வழுக்கைத் தலை, ஹீரோ களை கிடையாது. அந்தப் பெண் இவரிடம் எதைக் கண்டாள் என்று முதலில் தோன்றும். கொஞ்ச நேரத்தில் விடை கிடைத்துவிடுகிறது. அவளை உட்காரவைத்துப் பேசுகிற முதல் ஆள் அவர்தான்! மற்றவர்கள் அவளிடம் கால்ஷீட் கேட்டார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு வீடு. அதைத் தரும் தைரியம் அவருக்கு இல்லை. வில்லன் மாதிரி மீசையை முறுக்காமல், ஒரு பலவீனமான மனிதனாகவே கோபி அதைச் செய்தார். அதனால்தான் படம் பார்த்தவனுக்கு அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியாது, மன்னிக்கவும் முடியாது.

அந்த டைரக்டரின் மனைவி? அவர்தான் சாரதா!

தெனாலியில் பிறந்து, 'துலாபாரம்', 'சுயம்வரம்', தெலுங்கு 'நிமஜ்ஜனம்' என்று மூன்று முறை தேசிய விருது வாங்கியவர். 'ஊர்வசி' சாரதா என்றே பெயர். புருஷனைப் பறிகொடுக்கும் மனைவி என்றால் நம் படங்களில் கத்தி அழ வேண்டும், இல்லாவிட்டால் சாபம் விட வேண்டும். சாரதாவின் மனைவி இரண்டும் செய்யவில்லை. குடும்பம் எனக்கும் வேண்டும் என்று நிற்கிறாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. லேகா பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு பெண்களுக்கு நடுவில் நின்ற மனிதனிடம்தான் அது இல்லை.

நாற்பது வருடம் கழித்து

மலையாள சினிமா பிற்பாடு கோடம்பாக்கத்தைக் காலி செய்துவிட்டுக் கொச்சிக்குப் போய்விட்டது. ஸ்டூடியோக்கள் இருந்த இடத்தில் பல இடங்களில் கட்டடங்கள் எழும்பிவிட்டன. கே.ஜி. ஜார்ஜ் 2023ம் ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

இடம் மாறியது. பழக்கம்?

2017ம் ஆண்டு பிப்ரவரியில் கேரளத்தில் ஒரு நடிகை காரில் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்ட சம்பவம் நாட்டையே உலுக்கியது. சினிமாவில் வேலை செய்யும் பெண்கள் ஒன்று சேர்ந்து குரல் கொடுத்தார்கள். அந்த வருடமே கேரள அரசு ஒரு கமிட்டி போட்டது. தலைவர், ஓய்வு பெற்ற ஐகோர்ட் நீதிபதி கே. ஹேமா. 2019ம் ஆண்டு கடைசி நாளில் அறிக்கை அரசாங்கத்தின் கைக்குப் போனது. பீரோவில் நாலரை வருடத்துக்கு மேல் தூங்கிவிட்டு, 2024 ஆகஸ்ட் 19ந் தேதிதான் வெளியே வந்தது. அதுவும் பல பகுதிகள் நீக்கப்பட்டு!

சான்ஸ் வேண்டுமென்றால் 'அட்ஜஸ்ட்மெண்ட்', 'காம்ப்ரமைஸ்' என்று இரண்டு வார்த்தைகளைப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று நடிகைகள் அந்தக் கமிட்டி முன்னால் சொன்னார்கள். துணை நடிகைகளுக்கு ஷூட்டிங் நடக்கும் இடத்தில் கழிப்பறை வசதிகூட இல்லை என்றும், அதற்குப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள் என்றும் அறிக்கை சொன்னது.

அந்தக் கமிட்டியில் மூன்று பேர். ஒருவர் நீதிபதி. இன்னொருவர் ஓய்வு பெற்ற பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரி. மூன்றாவதாக, சினிமாவின் உள்விவகாரம் தெரிந்த மூத்த நடிகை ஒருவரை அரசாங்கம் நியமித்திருந்தது.

அவர் பெயர், சாரதா.