விலங்கு சொல்லும் கதைக்குக் கருத்துரைத்தல்

நுழையும்முன்

நண்பர் எழுதிய கதையைப் படித்து 'நன்று' என்பது எளிது. 'நன்றாக இல்லை' என்பதும் எளிது. இரண்டாலும் எழுதியவருக்குப் பயனில்லை. கதையின் எந்த இடம் நம்மை ஈர்த்தது, எந்த இடத்தில் நம் நம்பிக்கை தளர்ந்தது என்று சுட்டிக்காட்டுவதே கருத்துரை. விலங்கு கூறுவதாக அமைந்த சிறுகதைக்கு அதனை வழங்கும் முறையை அறிவோம்.

யார் கூறும் கதை?

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' காளையை மனிதர் பக்கமிருந்து காட்டுகிறது. பெருமாள்முருகனின் 'பூனாச்சி' (2016) ஆசிரியர் கூற்றாக ஒரு வெள்ளாட்டின் வாழ்வைத் தொடர்கிறது. டால்ஸ்டாயின் 'கோல்ஸ்டமர்' (1886) கதையிலோ குதிரையே தன் வாழ்வைக் கூறுகிறது. மனிதர் தன்னை 'என் குதிரை' என்று அழைப்பதன் பொருள் விளங்காமல் அது திகைக்கிறது. உடைமை என்னும் பழகிய எண்ணத்தை நாமும் புதிதாகப் பார்க்கிறோம். ஆகவே, விலங்கின் அறியாமை இவ்வகைக் கதைக்குக் குறையன்று. அதுவே அதன் வலிமை.

அறிவின் எல்லை

புதுக்கோட்டை மாவட்டம் தச்சங்குறிச்சியில் ஏறுதழுவுதலுக்காக நிற்கும் காளை கூறுவதாக ஒரு மாணவர் இவ்வாறு எழுதியிருப்பதாகக் கொள்வோம்: "சிவப்புச் சட்டை அணிந்த இளைஞன், பரிசாகக் கிடைக்கும் மிதிவண்டியை எண்ணியபடி என்மீது பாய்ந்தான்."

'காளை பேசுமா?' என்று கேட்பது பொருந்தாது. அதனை ஏற்றுக்கொண்டே கதைக்குள் நுழைகிறோம். ஆனால், இளைஞனின் எண்ணம் காளைக்கு எவ்வாறு தெரிந்தது என்று கேட்கலாம். மாட்டின் கண்ணில் நிறமறியும் செல்கள் இரு வகையே. சிவப்பும் பச்சையும் நமக்குப்போல் அதற்குத் தெளிவாக வேறுபடுவதில்லை. மூக்கணாங்கயிறு அறுபடும் நொடி, திடீரென விரியும் வெளிச்சம், திமிலில் விழும் பாரம், வளர்த்தவரின் குரல் ஆகியனவே காளை அறிந்தவை. இவற்றால் அக்காட்சியை எழுதினால், மனிதர் விழாவெனக் காண்பதைக் காளை என்னவென உணர்கிறது என்பது புலப்படும்.

கருத்துரைப்போர் கவனத்திற்கு

ஏறுதழுவுதலைப் பற்றிய நம் சொந்தக் கருத்து கதைக்கு அளவுகோல் ஆகாது. அதே வேளையில், ஆசிரியர் தம் கருத்தைக் காளையின் வாயில் சொற்பொழிவாக வைத்திருந்தால், அதனைச் சுட்டுதல் வேண்டும். முதலில் உயிர்ப்புள்ள வரியைக் குறிப்பிடுக. பின்னர், ஐயத்திற்குரிய வரியை எடுத்துக்காட்டி, அதனை வினாவாகக் கேட்க. அவ்வரியைத் திருத்தி எழுதித் தர வேண்டா. விடை தேடும் உரிமை எழுதியவருக்கே உரியது. மதிப்பெண் இடும் ஆசிரியராக நில்லாமல், கவனத்தோடு படிக்கும் முதல் வாசகராக நில்லுங்கள்.

கற்பவை கற்றபின்

விராலிமலை மயிலொன்று தன் ஒருநாளைக் கூறுவதாக ஒரு பக்கச் சிறுகதை எழுதுக. அதனை வகுப்புத் தோழருடன் மாற்றிக்கொண்டு, ஈர்த்த வரி ஒன்றையும் வினா இரண்டையும் எழுதி வழங்குக.